மலைப் பக்கம் ஓடாதே!

ஸஹ்ராவுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குதான் சிவக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிவந்த மூக்கு, ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அப்படியேதான் இருந்தது.

"ஜலதோஷமாம்மா?" என்று கேட்டார், அவளை ஸ்ரீரங்கத்துக்கு ஏற்றிப்போன ஆட்டோக்காரர்.

"இல்லைங்க, உஸாமா," என்றாள் ஸஹ்ரா.

ஏதோ புதுக் காய்ச்சல் போலிருக்கிறது என்று அவர் கைக்குட்டையால் தன் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

உஸாமா காய்ச்சல் இல்லை. ஸஹ்ராவின் பெரியத்தா, அதாவது அவள் அப்பாவின் அண்ணன், மகன். இருவருக்கும் பதினொரு வயது. ஒரே வகுப்பு. திருச்சி பெரிய கடை வீதியில் இரண்டு பேருடைய அத்தாமார்களின் கடைகளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. உஸாமா வீட்டுக் கடையில் கயிறும் தார்ப்பாயும். ஸஹ்ரா வீட்டுக் கடையில் முந்திரி, திராட்சை, பேரீச்சை. அவளுடைய அத்தா நஜிமுதீன் எடை போட்டு முடித்ததும், தராசைப் பார்க்காமல் நாலு திராட்சையை மேலே போடுவார். கொசுறு! அதற்காகவே தென்னூரிலிருந்து பஸ் ஏறி வருபவர்களும் உண்டு.

போன வருடம் பள்ளியில் ஒரு புது விளையாட்டு வந்தது. ஓரியன்டீரிங் என்று பெயர். வாயில் சுலபமாக நுழையாததால் பிள்ளைகள் 'மேப் ரேஸ்' என்றார்கள். கையில் ஒரு வரைபடம் கொடுப்பார்கள். ஊருக்குள் சில இடங்களில் ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு துணிப்பெட்டி தொங்கும். அதோடு ஒரு கிளிப் இருக்கும். தேடிப் போய், அந்தக் கிளிப்பால் அட்டையில் ஓட்டை போட வேண்டும். எந்த வழியாக ஓடுவது என்பது அவரவர் மூளையைப் பொறுத்தது. ஓர் அணிக்கு மூன்று பேர். மூவரும் சேர்ந்தே போக வேண்டும், சேர்ந்தே திரும்ப வேண்டும்.

முதல் மூன்று அணிகளுக்குப் பச்சமலையில் முகாம். உப்பிலியபுரத்தில் இறங்கி, மலையேறி, காட்டுக்குள்ளே மேப் ரேஸ்! ஸஹ்ரா வீட்டு ஜன்னலைத் திறந்தால் எதிர்க்கடையின் பெயர்ப்பலகை மட்டும்தான் தெரியும். அதனால் அவள் ஒரு வருடமாக அந்தக் காட்டை நினைத்துக்கொண்டேதான் தூங்கப் போனாள். வரைபடம் பார்க்க உஸாமாவுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். இரண்டு பேரும் ஒரே அணி, மூன்றாவது ஆள் அவர்களோடு படிக்கும் அயான் என்று என்றைக்கோ பேசி முடித்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை உஸாமா வந்தான்.

"ஸஹ்ரா, டீம்ல இளவரசனைச் சேத்துட்டேன். தில்லை நகர்ப் பையன். நூறு மீட்டர்ல மெடல் வாங்கினவன்."

"நல்லதுதான். அயான், நீ, நான், அவன். நாலு பேரா?"

"மூணு பேர்தானே ரூல்."

"அப்ப யாரு போறா?"

உஸாமா தன் செருப்பைப் பார்த்தான். "ஸ்பீடு வேணும் ஸஹ்ரா. மேப்பை யாரு வேணா பாத்துக்கலாம்."

பேரம் முடிந்து கைகுலுக்கிய பிறகு சரக்கை வேறு ஆளுக்குக் கொடுப்பவனைப் பெரிய கடை வீதியில் ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். சிறுவர் கதையில் அதை எழுத முடியாது. ஸஹ்ரா அதைச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த கடைப் பையன் கையிலிருந்த கயிற்றுக் கட்டைக் கீழே போட்டுவிட்டான்.

பிறகு விளையாட்டு ஆசிரியர் அடைக்கலம் சார் வேறு இருவரைச் சேர்த்து அவளுக்கு ஓர் அணி கட்டிக் கொடுத்தார். கடை மூடும் நேரத்தில் மிஞ்சிய பூவையெல்லாம் ஒரே முழமாகக் கட்டுவார்களே, அப்படி.

ஒருவன் டோமினிக், அவளுடைய வகுப்புதான். பாலக்கரைப் பையன். எதையும் நிதானமாகச் செய்வான். அவன் கையில் அவனுடைய மாமா வாங்கிக் கொடுத்த, திசை காட்டும் காம்பஸ் ஒன்று இருந்தது. இன்னொருத்தி தென்னூர் சுபஸ்ரீ. பத்து வயது. மூக்குக்கண்ணாடி விழாமலிருக்கத் தலைக்குப் பின்னால் எலாஸ்டிக் கட்டியிருந்தாள். ஓடினால் நடப்பது போலிருக்கும்.

"வந்துட்டீங்களா?" என்று முறைத்தாள் ஸஹ்ரா. "சார், மீதி ரெண்டு பேரும் வந்தாச்சு!"

டோமினிக்கின் முகம் கொஞ்சம் மாறியது. ஸஹ்ரா அதைக் கவனிக்கவில்லை. மைதானத்தின் அந்தக் கோடியில் உஸாமா கால்களை நீட்டி மடக்கிக்கொண்டிருந்ததைத்தான் அவள் கவனித்தாள்.

ஸ்ரீரங்கத்தில் கீழ அடையவளைஞ்சான் வீதியை ஒட்டிய ஒரு மைதானம்தான் புறப்படும் இடம். திரும்பி வரும் இடமும் அதுவே. பன்னிரண்டு அணிகள். அடைக்கலம் சார் விசில் ஊதினார். எல்லோரும் வரைபடத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள்.

இளவரசன் அம்பு மாதிரி போனான். உஸாமாவும் அயானும் அவன் பின்னால் பறந்தார்கள்.

"போகட்டும்," என்று பல்லைக் கடித்தாள் ஸஹ்ரா. "மேப்பை மடிச்சு பாக்கெட்ல வச்சுட்டு ஓடுறான் பாரு."

அவள் சொன்னது சரியாகப் போயிற்று. முதல் துணிப்பெட்டி வெள்ளைக் கோபுரத்துப் பக்கம் இருந்தது. ஸ்ரீரங்கத்தில் கோபுரங்கள் இருபத்தொன்று. உஸாமா தன் கண்ணில் முதலில் பட்ட கோபுரத்தை நோக்கி ஓடிவிட்டான். ஸஹ்ராவின் அணி முதல் ஓட்டையைப் போட்டபோது அவனைக் காணவே இல்லை.

இரண்டாவது பெட்டி ஒரு குடிநீர்க் குழாயடியில். அதையும் பிடித்தார்கள்.

"அக்கா, மேப்பை நானும் ஒரு தடவை பாக்கட்டுமா?" என்று சுபஸ்ரீ மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள்.

"ஓடும்போது பேசாதே. மூச்சு வீணாகும்."

"ஸஹ்ரா, காம்பஸ்..." என்று ஆரம்பித்தான் டோமினிக். அவன் அடுத்த சொல்லைத் தேடுவதற்குள் அவள் அடுத்த தெருவுக்குப் போய்விட்டாள்.

மூன்றாவது பெட்டி கீழச் சித்திரை வீதியில், ஒரு பழைய கட்டடத்தின் வெளிப் படிக்கட்டில், மேல்படியில் தொங்கியது. ஏறி, ஓட்டை போட்டு, நிமிர்ந்தாள் ஸஹ்ரா. வீட்டு மாடிகளுக்கும் தென்னை மரங்களுக்கும் மேலே, ராஜகோபுரத்தையும் தாண்டித் தூரத்தில், வெல்லக்கட்டி மாதிரி மலைக்கோட்டை தெரிந்தது.

"அட, நம்ம மலை!" என்றாள். சொந்தக்காரரைப் பார்த்தது போல் இருந்தது.

நாலாவது பெட்டி வடக்குச் சித்திரை வீதியில், ஒரு வேப்ப மரத்தில். அப்படியானால் இந்த வீதியில் வடக்கே ஓட வேண்டும்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பெரிய கடை வீதியில் யாரும் வடக்கு, தெற்கு என்று பேசுவதில்லை. "மலைப் பக்கம் நாலு கடை தள்ளிப் போங்க," என்பார்கள். இல்லாவிட்டால், "மார்க்கெட் பக்கம் திரும்புங்க." வடக்கே மலைக்கோட்டை, தெற்கே காந்தி மார்க்கெட். நடக்கப் பழகிய நாளிலிருந்து ஸஹ்ராவுக்கு வடக்கு என்றால் மலைதான்.

"மலைப் பக்கம் ஓடு!" என்று கத்திக்கொண்டே படியிறங்கினாள்.

"இரு, இரு. காம்பஸ் வேற பக்கம் காட்டுது," என்றான் டோமினிக்.

"நேத்து உன் டிபன் பாக்ஸ் பக்கத்துலயும் அது வேற பக்கம்தான் காட்டுச்சு. ஓடு!"

ஓடினார்கள். ஸஹ்ராவுக்குக் கோபம் பெட்ரோல் போல வேலை செய்தது. கால்கள் தாமாகப் போயின. கண்கள் மட்டும் வரைபடத்திலும் இல்லை, தரையிலும் இல்லை.

"நில்லுங்கோ! மூணு பேரும் அங்கேயே நில்லுங்கோ!"

ஒரு வீட்டு வாசலில் கோலமாவுக் கிண்ணத்தோடு ஒரு மாமி நின்றிருந்தார். ஸஹ்ரா கீழே பார்த்தாள். வீதியில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு தாமரைக் கோலம். அதன் இரண்டு இதழ்களின் மேல் மூன்று ஜோடி ஷூக்கள்.

"இப்பத்தான் கை அலம்பிண்டு வரலாம்னு உள்ளே திரும்பினேன். அதுக்குள்ள துவம்சம் பண்ணிட்டேளே! கண்ணை எங்க வெச்சிண்டு ஓடறேள்?"

"தெருவுல போட்டா கால் படத்தான் செய்யும். ரேஸ் நடக்குதுங்க!" என்றாள் ஸஹ்ரா.

"ஓஹோ! வீதியை உன் ரேஸுக்குன்னு எழுதி வாங்கிண்டுட்டியோ?"

மாமிக்கும் மூக்கு சிவக்கிற வகை போலிருந்தது. இரண்டு சிவந்த மூக்குகள் ஒன்றையொன்று பார்த்தன.

நடுவில் சுபஸ்ரீ தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மன்னிச்சுக்கோங்க மாமி, நாங்கதான் மிதிச்சோம். இந்த ரெண்டு இதழும் ஒரு கொடியும்தான் அழிஞ்சிருக்கு. நான் போட்டுத் தரட்டுமா? எனக்குச் சிக்குக் கோலமே வரும்."

மாமி அவளை மேலும் கீழும் பார்த்தார். "வருமா? எங்க, போடு பாப்போம்." கிண்ணம் கை மாறியது.

"சுபஸ்ரீ! எந்திரி! நேரம் போகுது!"

"மிதிச்சது நாமதானே அக்கா," என்றாள் சுபஸ்ரீ, தலை நிமிராமல்.

ஸஹ்ரா டோமினிக் பக்கம் திரும்பினாள். "நீயாவது சொல்லேன்டா!"

டோமினிக் நிதானமாக நடைபாதையில் உட்கார்ந்தான்.

"நான் ஓடல."

"என்னது?"

"நான் ஓடலன்னேன். ரெண்டு தடவை காம்பஸ்னு சொன்னேன். ஒரு தடவை காதுலயே வாங்கல, அடுத்த தடவை கத்தின. எனக்கும் கோபம் வரும். வர்றதுக்குக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான். இப்ப வந்துடுச்சு."

"டேய், உஸாமா டீம் ஜெயிச்சுடும்!"

"உஸாமா உன்னை வேணாம்னு சொன்னான். நாங்களா சொன்னோம்? நாங்க உன் கூட வரோம்னுதானே வந்தோம்? நீ எங்களை என்னன்னு சொன்ன? 'மீதி ரெண்டு பேரும் வந்தாச்சு'ன்னு. என் காதுல விழுந்துச்சு. சுபஸ்ரீ காதுலயும்தான்."

சுபஸ்ரீயின் விரல்கள் ஒரு நொடி நின்றன. பிறகு மறுபடியும் இதழை வரைந்தன.

பேரத்தில் மாட்டிக்கொண்டவர்கள் வேறு பக்கம் பார்ப்பார்கள். ஸஹ்ராவும் வேறு பக்கம் பார்த்தாள். அந்தப் பக்கம் ராஜகோபுரம் நின்றது.

பெரிதாக நின்றது.

சற்று முன் படிக்கட்டில் நின்றபோது அது அவள் கட்டைவிரல் உயரம்தான் இருந்தது. இப்போது அவள் உள்ளங்கை உயரத்துக்கு வந்துவிட்டது. ஸஹ்ரா வரைபடத்தைப் பார்த்தாள். ராஜகோபுரம் வரைபடத்தின் அடியில் இருந்தது. தெற்கே. வடக்கே ஓடினால் அது சின்னதாகிக்கொண்டே போக வேண்டும் அல்லவா?

"டோமினிக், காம்பஸைக் காட்டு."

"டிபன் பாக்ஸ்னு சொன்ன?"

"காட்டுடா..." கொஞ்சம் நிறுத்தி, "ப்ளீஸ்," என்றாள். அந்தச் சொல் புளித்த மாங்காய் மாதிரி வெளியே வந்தது.

முள், அவர்கள் ஓடி வந்த பக்கத்தைக் காட்டியது.

"அது எப்படி? மலைக்கோட்டை அங்க இருக்கு. மலைதானே வடக்கு?"

மாமி சிரித்துவிட்டார். "மலைக்கோட்டையா? அது காவேரிக்கு அந்தண்டைன்னா இருக்கு. எங்களுக்குத் தெற்கு."

"எங்க கடைக்கு அது வடக்குங்க!"

"கடையையும் தூக்கிண்டு வந்திருக்கியா என்ன?"

ஸஹ்ரா மலையைப் பார்த்தாள். மலை இருந்த இடத்திலேயேதான் இருந்தது. ஆற்றைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தது அவள்தான். கோபத்தில் அதைக்கூட மறந்துவிட்டாள்.

வரைபடத்தைச் சுபஸ்ரீயிடம் நீட்டினாள். "இந்தா, இனிமே நீ பாரு. அழிஞ்ச கொடிகூட உன் கண்ணுலதான் பட்டுச்சு. டோமினிக், நீ திசை சொல்லு." பிறகு தன் ஷூவிடம் சொல்வது போல், "மீதின்னு சொன்னது தப்பு. வாபஸ் வாங்கிக்கறேன்," என்றாள்.

டோமினிக் யோசித்தான். "விற்ற பொருள் வாபஸ் இல்லைன்னு உங்க கடையில போர்டு இருக்கே?"

"அது எங்க கடையில்ல. பெரியத்தா கடை."

டோமினிக் எழுந்து பின்புறத்தைத் தட்டிக்கொண்டான். "அப்ப சரி."

"எங்களுக்கெல்லாம் வேலை குடுத்தாச்சு. உங்களுக்கு என்னக்கா வேலை?" என்றாள் சுபஸ்ரீ.

"அவளா? அவ திட்டுவா," என்றான் டோமினிக்.

அப்போதுதான் தடதடவென்று சத்தம் கேட்டது. இளவரசன், உஸாமா, கடைசியில் நாக்கு தள்ள அயான். மூவரும் மலையைப் பார்த்துக்கொண்டே நேராகக் கோலத்தை நோக்கி வந்தார்கள். உஸாமாவின் மண்டைக்குள் என்ன ஓடுகிறது என்று ஸஹ்ராவுக்குத் தெரியும். அவனும் அதே கடைவீதியில் நடக்கப் பழகியவன்.

மாமி நடு வீதியில் கைகளை விரித்துக்கொண்டு நின்றார். "இன்னொரு கால் பட்டுதோ, அப்புறம் நடக்கறதே வேற!"

மூவரும் சறுக்கி நின்றார்கள்.

"நீங்க இன்னும் இங்கதான் இருக்கீங்களா?" என்று உஸாமா இளித்தான். "கோலப் போட்டியா? நடத்துங்க, நடத்துங்க." கோலத்தைச் சுற்றி ஒதுங்கி, மலைப் பக்கம் நகர்ந்தான்.

"பேசாம இரு. போகட்டும்," என்று டோமினிக் அவள் காதில் சொன்னான்.

ஸஹ்ராவுக்கும் அதுதான் ஆசை. வாயை மூடிக்கொண்டால் போதும். அவன் நேரே ஓடுவான், அம்மா மண்டபத்துப் படித்துறை வரைக்கும் ஓடுவான், காவேரியைப் பார்த்து முழித்துக்கொண்டு நிற்பான். அந்தக் காட்சி ஜிகர்தண்டா மாதிரி ஜில்லென்று இருந்தது.

ஆனால் அப்படி நடந்தால் உஸாமாவைத் தோற்கடித்தது மலைக்கோட்டை என்று ஆகிவிடும். அவளுடைய இவ்வளவு கோபத்தையும் ஒரு மலைக்கு இலவசமாகக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. அவனை அவள்தான் தோற்கடிக்க வேண்டும்.

"டேய் உஸாமா! மலைப் பக்கம் ஓடாதே!"

அவன் திரும்பினான். "ஏன்?"

"அது தெக்குடா, முட்டாள்! இது பெரிய கடை வீதியா? ஸ்ரீரங்கம்! ஆத்துக்கு இந்தப் பக்கம் வந்தா மலை தெக்கே இருக்கும்."

"ஏமாத்தப் பாக்குற. நான் டீம்ல இருந்து எடுத்துட்டேன்னு பழி வாங்குற."

"பழி வாங்கணும்னா நான் ஏன்டா கத்தப்போறேன்? வாயை மூடிட்டு இருந்தா நீயே போய் ஆத்துல விழுந்திருப்ப! என்னை நம்ப வேணாம். ராஜகோபுரத்தைப் பாரு. மேப்ல அது எங்க இருக்கு? நீ ஓடி வர வர அது பெரிசாச்சா, சின்னதாச்சா?"

உஸாமா பாக்கெட்டில் கையை விட்டு, மடித்த வரைபடத்தைத் தேடினான். இளவரசன் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தான்.

"டேய், ஆமாடா. கிட்ட வந்துட்டேதான் இருக்கு."

அவ்வளவுதான். மூவரும் திரும்பி, வந்த வழியே புயலாகப் பறந்தார்கள்.

"தேங்க்ஸ் சொன்னானா?" என்றான் டோமினிக்.

"காத்துல பறந்து போயிருக்கும்," என்றாள் ஸஹ்ரா. மூக்கு இன்னொரு மடங்கு சிவந்தது.

"முடிச்சாச்சு," என்று சுபஸ்ரீ மாவுக் கையைத் தட்டினாள். மாமி குனிந்து பார்த்தார். "என்னுதைவிட நன்னாவே இருக்கு," என்று முணுமுணுத்துவிட்டு, "ஓடுங்கோ! அந்தப் பசங்களை விடாதேங்கோ!" என்று கத்தினார்.

ஓடினார்கள். இந்த முறை ஒருத்தி முன்னாலும் இருவர் பின்னாலுமாக இல்லை. டோமினிக் திசை சொன்னான். சுபஸ்ரீ வரைபடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் "இன்னும் கொஞ்சம், இப்ப இடது பக்கம்," என்றாள். அவள் எதிலும் முட்டிக்கொள்ளாமல் ஸஹ்ரா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். எதிரே வந்த சைக்கிளை, பால்காரரை, இரண்டு நாய்களைத் திட்டி ஒதுக்கினாள். கொடுத்த வேலையை அவள் நன்றாகவே செய்தாள்.

வேப்ப மரத்தில் ஓட்டை போட்டார்கள். கடைசிப் பெட்டி அதே வீதியில் கொஞ்சம் தள்ளி ஒரு தண்ணீர்த் தொட்டியில் இருந்தது. அங்கே அணிகளைக் கணக்கெடுக்க நின்றிருந்த அக்கா, "ரெண்டு டீம் முடிச்சுட்டாங்க. மூணாவதா ஒரு டீம் இப்பத்தான் அந்த முனையில திரும்புச்சு. நல்லா ஓடுறாங்கப்பா!" என்றார்.

முனையில் உஸாமாவின் சட்டை மறைவது தெரிந்தது. இனிமேல் மைதானம்தான். அவர்களை ஓடிப் பிடிக்க முடியாது. இளவரசனின் கால்கள் அப்படி.

பச்சமலை ஒவ்வொரு மரமாக ஸஹ்ராவை விட்டுப் போவது போலிருந்தது. வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதோ?

"அக்கா," என்றாள் சுபஸ்ரீ. "இங்க ஒரு முடி ஒட்டிட்டு இருக்குன்னு நினைச்சேன். தட்டினா போகல. முடியில்ல, சந்து!"

மூவரும் குனிந்தார்கள். வரைபடத்தில் இரண்டு வீட்டு வரிசைகளுக்கு நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு. நேராக, மைதானத்தை ஒட்டிய அடையவளைஞ்சான் வீதிக்குப் போயிற்று. வீதி வீதியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதே இல்லை!

"சுபஸ்ரீ, உன் கண்ணாடிக்கு நான் தங்கத்துல எலாஸ்டிக் வாங்கித் தரேன்!" என்று கத்தினாள் ஸஹ்ரா.

சந்துக்குள் பாய்ந்தார்கள். பாதியில் நின்றார்கள்.

சந்தை முழுசாக அடைத்துக்கொண்டு ஒரு பசு படுத்திருந்தது. இவர்களைப் பார்த்தது. அசை போடுவதைத் தொடர்ந்தது.

"மாடு," என்றான் டோமினிக், மெல்லிய குரலில்.

"தெரியுது."

"கொம்பு இருக்கு."

"தெரியுதுடா!"

"ஹை, ஹை, எந்திரி!" என்றாள் சுபஸ்ரீ. பசு ஒரு காதை மட்டும் ஆட்டியது.

ஸஹ்ரா பாக்கெட்டில் கையை விட்டாள். காலையில் அத்தா போட்டு அனுப்பிய பேரீச்சம்பழங்கள் இருந்தன. ஒன்றை நீட்டினாள். பசு வாங்கிக்கொண்டது. எழவில்லை.

"ஒண்ணு போதாதா? சரி, ரெண்டு."

பசு அதையும் வாங்கிக்கொண்டது. இன்னும் எழவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக ஸஹ்ராவுக்குச் சரியான ஆள் கிடைத்திருந்தது.

"இங்க பாரு, இதான் கடைசி விலை. வேணும்னா எந்திரிச்சு வந்து வாங்கிக்கோ." மூன்றாவது பழத்தை எட்டாத உயரத்தில் பிடித்தாள். திரும்பிப் போவது போல இரண்டு அடி பின்னால் வைத்தாள். கடைவீதியில் இந்த வித்தை பலிக்காமல் போனதே இல்லை.

பசு எழுந்தது. ஓரமாக ஒதுங்கியது. சுபஸ்ரீ சுவரோடு ஒட்டிக் கடந்தாள். டோமினிக் கண்ணை மூடிக்கொண்டு கடந்தான். ஸஹ்ரா பழத்தைக் கொடுத்தாள். அதோடு விட்டிருக்கலாம். பழக்க தோஷம், இன்னொன்றை எடுத்து, "இந்தா, கொசுறு," என்று கொடுத்துவிட்டு ஓடினாள்.

நல்ல கடையை யார்தான் விடுவார்கள்? பசு பின்னாலேயே வந்தது.

"ஸஹ்ரா! அது ஓடி வருது!"

"நீயும் ஓடுடா!"

நிதானமான டோமினிக் அன்றைக்கு ஓடிய ஓட்டத்தை இளவரசன் பார்த்திருந்தால் தன் மெடலைக் கழற்றிக் கொடுத்திருப்பான். சுபஸ்ரீயின் எலாஸ்டிக் அறுந்து, கண்ணாடி கையில் வந்தது. மூவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, கத்திக்கொண்டே, மைதான வாசலில் நுழைந்து கோட்டைத் தாண்டினார்கள். பின்னால் மணியாட்டிக்கொண்டு பசுவும் தாண்டியது.

வாசலில் அடுத்துத் தெரிந்தது இளவரசனின் முகம். அவன் பின்னால் உஸாமா, அயான்.

அடைக்கலம் சார் அட்டையில் இருந்த ஓட்டைகளைச் சரிபார்த்தார். பிறகு பசுவைப் பார்த்தார்.

"மூணாவது இடம்! பச்சமலை உங்களுக்குத்தான். ஆனா மூணு பேர்தானே ரூல்? இந்த நாலாவது ஆள் யாரு?"

"அவங்க எங்க கஸ்டமர், சார்," என்றாள் ஸஹ்ரா.

உஸாமா முழங்காலில் கை ஊன்றி வெகுநேரம் மூச்சு வாங்கினான். பிறகு மெதுவாக அவள் பக்கம் வந்தான்.

"நீ சொல்லலன்னா நான் ஆத்தங்கரைக்கே போயிருப்பேன். உனக்கு என் மேல கோபம்தானே?"

"ரொம்பக் கோபம். இன்னும் இருக்கு."

"அப்புறம் ஏன் வழி சொன்ன?"

"அது கொசுறு," என்றாள் ஸஹ்ரா. "முழுச் சரக்கும் வேணும்னா, மேப் பாக்கத் தெரிஞ்ச ஆளை டீம்ல வச்சிருக்கணும்."

உஸாமா செருப்பைப் பார்க்கலாம் என்று குனிந்தான். காலில் ஷூ இருந்தது. நிமிர்ந்தான்.

"தப்புதான், ஸஹ்ரா. அடுத்த வருஷம் உன் டீம்ல இடம் இருக்குமா?"

ஸஹ்ரா திரும்பிப் பார்த்தாள். டோமினிக் தன் காம்பஸைச் சட்டையால் துடைத்துக்கொண்டிருந்தான். சுபஸ்ரீ, பசுவின் கழுத்துக் கயிற்றில் தொங்கிய ஒரு நூலை எடுத்துத் தன் கண்ணாடிக்குக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இடம் இல்ல," என்றாள். "மூணு பேர்தானே ரூல்."

திரும்பிப் போக, வந்த ஆட்டோவே வாசலில் நின்றது. மூவரும் நெருக்கியடித்து ஏறிக்கொண்டார்கள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் ஸஹ்ராவின் முகத்தைப் பார்த்தார்.

"மூக்கு இன்னும் சிவந்துதான் இருக்கு. அந்தக் காய்ச்சல் விடலையாம்மா?"

"விட்டாச்சுங்க," என்றாள் ஸஹ்ரா. "இது வெறும் வெயில்."

ஆட்டோ காவேரிப் பாலத்தில் ஏறியது. எதிரே, தெற்கே, மலைக்கோட்டை பெரிதாகிக்கொண்டே வந்தது.